பனை உச்சியில் ஒரு குடி

தை மாதம் பதினோராம் நாள் முற்பகலில் பாளைக்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். முன்னால் குதிரையில் அதிகாரி பூதி ஆதித்தன். நடுவில் பிடியானையும் பாகனும். ஓலைக்கட்டும் எழுத்தாணியுமாகக் கடைசியில் நான். ஒரு வாத்தியாரிடம் ஓலை எழுதப் படித்து எழுத்து வேலைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதிவைக்கச் சொல்லியிருந்தார் அவர். அதனால் நாள் தவறாமல் சொல்ல முடிகிறது. மற்றதில் எது நான் கண்டது, எது பயத்தில் சேர்த்துக்கொண்டது என்று எனக்கே நிச்சயமில்லை.

அரசர் அந்த ஊரை நாற்பத்தெட்டு வேதியர் குடும்பங்களுக்குத் தானம் செய்திருந்தார். இருந்த குடிகளை வெளியேற்ற வேண்டும். பிறகு பிடியானையை எல்லையைச் சுற்றி நடத்தி, அது நடந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நட வேண்டும். தொடங்கிய இடத்திலேயே தடம் வந்து கூடிவிட்டால், உள்ளே இருப்பதெல்லாம் தானம். சந்திரனும் சூரியனும் உள்ளவரை.

குடிகள் போய்விட்டார்களா என்று பார்ப்பது என் வேலை. இருபத்து மூன்று வீடுகள். ஒவ்வொன்றிலும் நுழைந்து அடுப்புச் சாம்பலைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. ஒரு வீட்டில் மட்டும் சந்தேகம் வந்து மறுபடி போய்த் தொட்டேன். கிணற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். பிறகு ‘குடி நீக்கி’ என்று ஓலையில் எழுதினேன்.

மேலே பார்க்கவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது தடம் வந்து கூடுவதற்கு ஓரடிதான் பாக்கி. யானை நின்றுவிட்டது. துதிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. பாகன் அங்குசத்தால் குத்தியும் நகரவில்லை. புளித்த கள்ளின் வாடை எனக்கும் அடித்தது. பிறகு தலைக்கு மேலிருந்து ஒரு சத்தம்.

அரிவாளைத் தீட்டும் சத்தம்.

எல்லைக்கு உள்ளே, பத்தடி தள்ளி ஒற்றைப் பனை. அதன் உச்சியில், மட்டைகளுக்கு நடுவே, பனையேறி கூத்தன் உட்கார்ந்திருந்தான்.

“எழுத்துக்காரத் தம்பி, எல்லாக் குடியும் போயிருச்சுன்னு எழுதிட்டியாமே,” என்றான். “அப்ப நான் யாரு?”

பாகன் சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. அந்தப் பனை தன் தகப்பன் வைத்தது, அதை மட்டும் வெளியே விட்டு எல்லை போட்டால் இறங்கி வருகிறேன் என்றான் கூத்தன். பெரிய காரியமில்லை. யானையை இருபதடி உள்ளே வளைத்து நடத்தியிருந்தால் போதும்.

அதிகாரி என் ஓலையை வாங்கிப் பார்த்தார்.

“குடி நீக்கின்னு நீதான எழுதியிருக்க?”

“ஆமாங்கையா.”

“அப்ப மேல யாரும் இல்ல. யானைய நடத்து.”

காதோரம் ரத்தம் வடிய யானை கடைசி அடியை வைத்தது. தடம் கூடியது.

மரத்தடியில் இரண்டு காவலர்களை நிறுத்தினார்கள். அன்று இரவு முழுக்கக் கூத்தன் எங்கள் எல்லோரையும் பேர் பேராகத் திட்டினான். மறுநாள் காலை அவன் காலில் மாட்டும் தளைநார் நழுவிக் கீழே விழுந்தது. அது இல்லாமல் அந்த உயரத்திலிருந்து இறங்க முடியாது. ஏணியும் எட்டாது. வேறொரு பனையேறிதான் ஏறிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆனால் தானம் கொடுத்த ஊரில் பனையேறிகள் மரம் ஏறக்கூடாது. அந்த வரியையும் நான்தான் எழுதியிருந்தேன்.

அவன் மனைவி சாத்தி தன் தம்பியோடு கள்ளி வரிசைக்கு வெளியே வந்து நின்றாள். காவலர்கள் உள்ளே விடவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

“ஒரே வரிதான்யா. ‘ஒரு பனை நீங்கலா’ன்னு போடு. என் தம்பி ஏறி இறக்கிருவான்.”

மேலிருந்து தண்ணீர் கேட்கும் குரல் வந்துகொண்டிருந்தது. எழுத்தாணி கையில்தான் இருந்தது. அந்த வரியை எழுதினால் முன்னால் எழுதியது பொய் என்று ஆகிவிடும். நான்கு மாத வேலை போய்விடும். அதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

“நீ கேக்க மாட்ட,” என்றாள். “உன் மூஞ்சியிலயே இருக்கு.”

நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் குரல் வரவில்லை. நான்காம் நாள் காவலர்கள் போய்விட்டார்கள். மட்டைகளுக்கு நடுவே கரிய உருவம் குனிந்தபடி தெரிந்தது. அதை இறக்கவும் யாரும் ஏறக்கூடாது. காக்கை ஒன்றுகூட அந்த மரத்தை அண்டவில்லை.

மாசியில் செப்பேடு வெட்டி முடித்து, தடம் கூடிய அதே இடத்தில் சபை முன்னால் வாசித்தார்கள். காலை வெயில் நன்றாக அடித்தது. என் சொற்களை வேறொருவர் குரலில் கேட்டுக்கொண்டு நின்றேன். ‘மேல் நோக்கின மரமும், கீழ் நோக்கின கிணறும், உடும்பு ஓடி ஆமை தவழ்ந்தது எல்லாமும், எதுவும் ஒழிவின்றி...’

தீட்டும் சத்தம்.

எல்லோரும் மேலே பார்த்தோம்.

உச்சியில் யாரும் இல்லை.

உருவம் இல்லை. கீழே எலும்பில்லை, துணியில்லை. தளைநார் மட்டும் விழுந்த இடத்திலேயே, யாரும் தொடாமல் கிடந்தது. ஆனால் பாளை புதிதாகச் சீவியிருந்தது. கலயம் நிரம்பி வழிந்தது. ஒரு சொட்டு செப்பேட்டின் மேல் விழுந்தது. வாசித்தவர் மேலாடையால் அதைத் துடைத்துவிட்டு, விட்ட சொல்லிலிருந்தே மறுபடி தொடங்கினார்.

எதுவும் ஒழிவின்றி.

உள்ளே இருந்த எல்லாவற்றையும் நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அவனையும்.

எல்லையைப் பிசகில்லாமல் எழுதியதற்காக என்னை அந்த ஊருக்கே எழுத்தனாக வைத்தார்கள். ஒரு வருடமாக இங்கேதான் இருக்கிறேன். அந்தப் பனையடியில் யாரும் நடப்பதில்லை. அது ஏன் என்று யாரும் பேசுவதுமில்லை. தினமும் காலையில் போய்த் தளைநார் கிடக்கிறதா என்று தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வருவேன். கிடக்கும்.

இன்று காலை அது அங்கே இல்லை.

இப்போது நடுப்பகல். ஊரில் உள்ள குடிகளை எழுதித் தரச் சொல்லிச் சபையார் ஆள் அனுப்பியிருந்தார்கள். நாற்பத்தெட்டு என்று எழுதினேன். ஓலையில் ஒரு சொட்டு விழுந்தது. புளித்த வாடை. அந்தப் பனை என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கிறது.

“அப்ப நான் யாரு?”

மேலே பார்க்கவில்லை. நாற்பத்தெட்டை அடித்துவிட்டு நாற்பத்தொன்பது என்று எழுதினேன்.

தீட்டும் சத்தம் நிற்கவில்லை. கொஞ்சம் கீழே வந்திருக்கிறது.