ஏழாம் அறையில் ஒரு சிவப்பு

"ஆ... ஆ... ஆ...!"

அலறல் நன்றாகவே வந்தது.

நேற்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு மூன்று தடவை ஒத்திகை பார்த்ததற்குப் பலன் இல்லாமல் போகுமா?

மாடியிலிருந்து ஒன்பது பேர் தடதடவென்று இறங்கி ஓடி வந்தார்கள். டெஸ்டிங் ரூம் வாசலில் அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தாள். விரல் உள்ளே காட்டியது.

உள்ளே...

சுழல் நாற்காலியில் பாஸ்!

கழுத்தில் ஹெட்போன் ஒயர் இரண்டு சுற்று. நாக்கு வெளியே. எதிரே மானிட்டர், 'ஏழாம் அறை முடிந்தது! வாழ்த்துகள்!' என்று பல்லிளித்துக்கொண்டிருந்தது.

மணி பகல் பன்னிரண்டு.

"பெயிண்டர்! ஐயோ... என்னாச்சு பெயிண்டர்?" யாரோ அவள் தோளை உலுக்கினார்கள்.

பெயிண்டர். ஆபீசில் அவளுக்கு அதுதான் பெயர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான்தான் இப்போது நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருக்கிறான்.

அவர்கள் உருவாக்கியது ஒரு புதிர் விளையாட்டு. திரையில் உங்கள் கை மட்டும்தான் தெரியும். அதில் ஒரு கையுறை. எதிரே இருக்கும் பொருளிலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுத்து, இன்னொன்றின் மேல் தெளிக்கலாம். சிவப்பைத் தெளித்தால் சுவர் எரியும். பச்சையைத் தெளித்தால் தரை துள்ளும். நீலத்தைத் தெளித்தால் இரும்பும் மிதக்கும். நிறத்தைச் சரியாகக் கண்டுபிடித்தால் அடுத்த அறை. பிசகினால் பாதாளம்!

பத்திரிகைகள் பாஸை 'நிறங்களின் மன்னன்' என்று எழுதித் தள்ளின.

மன்னனுக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது!

பிறவியிலேயே அப்படி. இரண்டும் அவனுக்கு ஒரே சேற்று நிறம். ஆபீசில் இது தெரிந்தது அவளுக்கு மட்டும். ஏழு வருஷமாக ஒவ்வொரு சுவரையும், ஒவ்வொரு கட்டத்தையும், ஒவ்வொரு நிழலையும் அவள்தான் தீட்டினாள். கண்ணில் நீர் வழிய வழியத் தீட்டினாள். பேட்டி கொடுத்தது அவன்.

போன வாரம் வாய்விட்டே கேட்டாள்.

"கேம் முடிவுல என் பேரையும் போடு. நிறங்கள்னு ஒரு வரி... அது போதும் எனக்கு."

அவன் சிரித்தான். "பெயிண்ட் அடிச்சவன் பேரை யாராவது வீட்டு வாசல்ல எழுதுவாங்களா, பெயிண்டர்?"

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

இன்று காலை ஒன்பதரை. அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். பின்னால் போய் ஒயரைச் சுற்றி, முழங்காலை நாற்காலியில் முட்டுக் கொடுத்து இழுத்தாள். அவன் கால்கள் மேஜையை உதைத்தன. முகம் நீலம் பாரித்தது.

அவனுக்கு ஒழுங்காகத் தெரிந்த நிறம் அது ஒன்றுதான்!

அப்புறம் வேலை. கம்ப்யூட்டர் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளினாள். பிணத்தை நாற்காலியோடு ஓரமாக உருட்டிவிட்டு, பாஸ் பெயரில் திறந்திருந்த ஏழாம் அறையை நின்றபடியே விளையாடி முடித்தாள். நாற்காலியையும் கடிகாரத்தையும் பழையபடி வைத்தாள். உடம்பு சீக்கிரம் சில்லிட்டுவிடாமல் இருக்க ஏசியை முப்பதில் வைத்தாள். பத்தரைக்கு மாடி மீட்டிங்கில் ஒன்பது பேருக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

விளையாடுகிறவர் எந்த நேரத்தில் எந்தக் கட்டத்தில் கால் வைத்தார் என்று அந்த மெஷின் ஒன்று விடாமல் பதிவு செய்யும். டெஸ்டிங் ரூமில் அதுதான் நடைமுறை. அந்தப் பதிவு இப்போது என்ன சொல்லும்?

பதினொன்றே கால் வரை பாஸ் உயிரோடு விளையாடிக்கொண்டிருந்தான்!

*

இன்ஸ்பெக்டருக்கு வழுக்கை. வாயில் எப்போதும் ஒரு இருமல் மிட்டாய்.

"பதினொண்ணே காலுக்கு முடிச்சிருக்கார். நீங்க பன்னெண்டுக்குப் பாத்திருக்கீங்க. நடுவுல நீங்க எல்லாரும் மாடியில... சரி, அவருக்கு ஆகாதவங்க யாராச்சும் உண்டா மேடம்?"

அவள் கைக்குட்டையை மூக்கில் ஒற்றிக்கொண்டாள்.

"யாரையும் மாட்டிவிடணும்னு சொல்லலை சார்... போன வாரம் ஒரு டெஸ்டரை வேலையை விட்டுத் தூக்கினார். 'உன்னைச் சும்மா விடமாட்டேன்'னு கத்திட்டுப் போனான். பின்கதவு சாவியை அவன் இன்னும் திருப்பித் தரலை."

"அடி சக்கை!"

அரை மணி நேரத்தில் டெஸ்டரை இழுத்து வந்தார்கள். சட்டைப் பொத்தான் இரண்டு போயிருந்தது. உதட்டில் ரத்தம்.

"மேடம்! நீங்களாவது சொல்லுங்க மேடம்! கோவத்துல ஏதோ கத்தினேன், அவ்வளவுதான்! கைக்குழந்தைக்காரன் மேடம் நான்!"

அவள் தரையைப் பார்த்தாள்.

குழந்தை பிறந்து இருபது நாள்தான் ஆகிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள்தான். அதற்கென்ன இப்போது? அவளும்தான் ஏழு வருஷம் ஒன்றைச் சுமந்திருக்கிறாள்!

கான்ஸ்டபிளின் கை 'பளார்' என்று இறங்கியது. அவள் கைக்குட்டைக்குள் மெல்ல மூச்சு விட்டாள்.

அடுத்து பாஸின் அக்கா வந்தாள். தலைவிரி கோலமாக ஓடி வந்தவள், அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"அம்மாடி... என் தம்பிக்குக் கண்ணா இருந்தியே! இப்படிப் போயிட்டானே!"

"அழாதீங்க அக்கா... எங்களுக்குக் கடவுளே போன மாதிரி இருக்கு."

என்ன நடிப்பு! பேசாமல் இவளை சினிமாவில் விட்டிருக்கலாம்.

இன்ஸ்பெக்டர் அக்காவைத் தனியே அழைத்துப் போனார். கால் மணி நேரம் பேசினார். பிறகு ஆபீஸ் ஆட்கள் ஒவ்வொருவராக டெஸ்டிங் ரூமுக்குள் போய் வந்தார்கள்.

மூன்றரை மணிக்குப் பெயிண்டரைக் கூப்பிட்டார்.

பிணத்தை எடுத்துப்போய்விட்டார்கள். வேறொரு நாற்காலியில் இன்ஸ்பெக்டர். எதிரே திரையில் ஏழாம் அறை.

"உக்காருங்க மேடம். கேஸ் முடிஞ்ச மாதிரிதான். ஒரே ஒரு சந்தேகம். இந்தக் கலர் எல்லாம் யார் போட்டது?"

அவள் திரையை நிமிர்ந்து பார்த்தாள்.

ஏழு வருஷமாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள். உலகத்தில் யாருமே கேட்கவில்லை. இன்றைக்குப் பார்த்துக் கேட்கிறான் இந்த வழுக்கை!

நான் என்று சொன்னால், 'அப்போ அவர் ஏன் போடலை?' என்பான். ஒன்றைத் தொட்டு ஒன்று வரும். கழுத்துக்குக் கயிறும் வரும்.

"பாஸ்தான் சார். அவருக்கு... அபாரமான கண்ணு."

சொல்லிவிட்டுத் திரையிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"அபாரமா?" இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்தார். "எனக்கென்னமோ ஒட்டவே இல்லை. இந்தச் சிவப்பைப் பாருங்க... மருந்துக்கடை போர்டு மாதிரி இருக்கு."

அவள் விரல்கள் மடங்கின.

"அ... அது சாயங்கால வெளிச்சம் பட்ட சிவப்பு சார்."

"சாயங்காலமா? தக்காளி அழுகினா இப்படித்தான் இருக்கும். பக்கத்துல பச்சை வேற! எதுல கால் வைக்கிறதுன்னே தெரியலை. குழப்படி! கலர் போட்ட ஆளுக்கு அரைக்கண்ணுதான்னு நினைக்கிறேன்."

"சார்..."

"பாருங்க, போட்டவருக்கே புரியலை. சாகறதுக்கு முன்னாடி இந்த அறையில மூணு தடவை விழுந்திருக்கார் உங்க பாஸ்! தன் கையால போட்ட கலர்லயே வழுக்கி விழுந்த மனுஷன்... இவருக்குப் போய் நிறங்களின் மன்னன்னு பட்டம்!"

"அது அவன் கலர் இல்லை!"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"என் கலர்! அந்தச் சிவப்புக்கு நாலு மாசம் தூங்கலை நான்! அவனுக்குச் சிவப்புன்னா என்னன்னே தெரியாது! குழப்படியா? எந்தக் குருடன் சொன்னான்? மூணு தடவை விழுந்தானா? பொய்! இன்னிக்குக் காலையில ஒரு கட்டம்கூடப் பிசகாம நான்..."

நின்றது.



இன்ஸ்பெக்டர் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? சரியாத்தான் சொன்னீங்க. காலையில விளையாடினவங்க ஒரு தடவைகூட விழலை. மூணு தடவை விழுந்தது நான்தான். மதியம் சாப்பாட்டைக்கூட விட்டுட்டு உக்காந்து விழுந்தேன்!"

"நா... நான் ஏதோ பதட்டத்துல..."

"அவங்க அக்கா சொன்னாங்க, தம்பிக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான்னு. நிறம் தெரியாதவங்களுக்காகவே இந்த கேம்ல ஒரு வசதி இருக்காமே? சிவப்புக்கு மேல முக்கோணம், பச்சைக்கு மேல வட்டம்னு குறி வரும். உங்க பாஸ் அதை ஒரு நாளும் அணைச்சதில்லைன்னு பழைய பதிவெல்லாம் சொல்லுது. இன்னிக்குக் காலையில மட்டும் அணைச்சிருக்கு."

அவள் தன் வலது கையையே பார்த்தாள்.

அணைத்தது அந்தக் கைதான். யோசிக்கவே இல்லை. தன் சிவப்பின் மேல் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போல அந்த முக்கோணங்கள்... எப்போது விளையாட உட்கார்ந்தாலும் முதலில் அவற்றை அணைப்பாள். பக்கத்தில் பிணம் இருக்கும்போதும் அணைத்திருக்கிறாள்!

"குறி இல்லாம இந்த அறையைத் தாண்டச் சொல்லி ஆபீஸ்ல அத்தனை பேரையும் உக்கார வச்சுப் பாத்துட்டேன். ஒருத்தரும் மூணாவது வரிசையைத் தாண்டலை. அப்போ யாரு தாண்டுவா? போட்ட ஆள்தான் தாண்டணும். அந்தக் கலரைக் கொஞ்சம் திட்டிப் பாத்தேன், வந்துட்டீங்க. கடிகாரத்தை ரெண்டு தடவை மாத்தினதும் மெஷினோட அடிவயித்துல பத்திரமா இருக்கு." இன்ஸ்பெக்டர் வாசல் பக்கம் குரல் கொடுத்தார். "யோவ்! அந்த டெஸ்டரை அவுத்து விடு. தண்ணி குடு. மன்னிப்பும் கேளு."

பெண் போலீஸ் வந்து கையைப் பிடித்தாள். வெளியே பாஸின் அக்கா நின்றிருந்தாள். பெயிண்டரின் முகத்தில் காறித் துப்பினாள்.

அவள் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. வாசற்படியில் நின்று திரும்பினாள். கண்ணில் பயம் இல்லை. ஒரு தவிப்பு!

"சார்... நாளைக்குப் பேப்பர்ல போடுவாங்களா? அந்தக் கலர் எல்லாம் என்னுதுன்னு... என் பேரோட?"

இன்ஸ்பெக்டர் புது மிட்டாய் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"பேப்பர் என்ன மேடம் பேப்பர்? எஃப்.ஐ.ஆர்.லயே போடறேன். அப்பா பேரு, விலாசம் எல்லாம் சேத்து முழுப் பேரா போடறேன்... பங்குக்கு ஒருத்தனும் வரமாட்டான்!"