வலை விழுந்த இலை

காலை ஒன்பது. கண்ணாடித் தட்டில் கிருமிகள் கொழுத்துக் கிடந்தன. மூலிகைச் சாறு வைத்த இடத்தைச் சுற்றி ஒரு நூலளவுகூடச் சாகவில்லை. போன மாதம் இதே காட்டுக்கொடியின் சாறு அவற்றை ஓட ஓட விரட்டியிருந்தது.

"அப்ப போன மாச முடிவு எல்லாம் புளுகு" என்றார் பேராசிரியர். "பதினொரு மணிக்கு கமிட்டி. உன்ன வெளிய அனுப்பச் சொல்லப்போறேன்."

ஆராய்ச்சி மாணவி அழுதுகொண்டே அண்ணிக்கு போன் செய்தாள்.

அண்ணி, போலீஸ் இன்ஸ்பெக்டர். சீருடை இல்லாமல் வந்தாள். பொய் சொன்னால் நாத்தனாரின் மூக்கு சிவந்துவிடும், இன்று சிவக்கவில்லை. மூக்கைக் காட்டி கமிட்டியை நம்பவைக்க முடியுமா?

சாறு எடுத்தது போக மிச்ச இலை இருந்த ஜாடியைக் கவிழ்த்தாள். வெளிறிய சருகுகள். ஒவ்வொன்றிலும் பச்சைக் கோடுகளாலான சின்னச் சின்னக் கட்டங்கள்.

"எங்க காயவெச்ச?"

"நடைவழியில, நிழல்ல. வெயில் பட்டா வீரியம் போயிடும் அண்ணி."

"ஜாடிக்குப் பூட்டு?"

"இல்ல. நாங்க மூணு பேரும் புழங்குற அலமாரி."

மூன்றாவது ஆளான சீனியர் பரிந்து பேசினான். "பாவம் மேடம், தெரியாம ஏதோ பண்ணிட்டா."

"மொட்டைமாடி சாவி?" என்றாள் அண்ணி.

"இவன்கிட்ட மட்டும்தான்" என்றார் பேராசிரியர்.

"அங்க ஒண்ணுமில்ல மேடம். நானே ஏறி மாசக்கணக்காச்சு."

சாவியை வாங்கி ஏறினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கம்பிவலை. அதில் சருகுத் துணுக்குகள். ஜாடி இலையை மேலே வைத்தாள். கட்டத்துக்குக் கட்டம் பொருந்தியது.

கீழே வந்து சீனியரைப் பார்த்தாள். "காத்துல பறக்காம இருக்க வலை போட்டு மூடியிருக்கீங்க. வலையோட நிழல் விழுந்த இடம் மட்டும் வெளுக்கல. நடைவழியில ஏது வெயில்? இவ போயிட்டா இந்த ஆராய்ச்சி உங்களுக்கு. அதான் அசல ஒளிச்சுவெச்சிட்டு, அதே மாதிரி ஏதோ களையைக் காயவெச்சு மாத்திட்டீங்க. அசல் இலை எங்க?"

சீனியர் தலைகுனிந்து தன் மேஜை இழுப்பறையைத் திறந்தான். பசுமை மாறாத இலைகள்.

மாணவி இரண்டையும் தனித்தனியே நசுக்கி ஊறவைத்து, வீரியத்தைச் சோதிக்கும் ஊதாக் கரைசலில் சொட்டினாள். களைச்சாற்றுக்கு அது லேசாக வெளிறியதோடு சரி. அசல் சாற்றுக்கு ஊதா கரைந்து மஞ்சளானது.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "கமிட்டியில இவனப் பத்தி நானே சொல்லிடறேன்."

"சொல்லுங்க சார்" என்றாள் மாணவி. "அதுக்கு முன்னாடி என்கிட்ட மன்னிப்பு கேளுங்க. அவர் இல்ல, நீங்க. ஜாடிய ஒரு தடவ கவுத்துப் பாக்கக்கூட உங்களுக்குத் தோணலயே."