குத்தகை நிலத்தில் ஐந்து கன்றுகள்

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் "ஹலோ" சொல்வதற்குள் மறுமுனையில் ஒரு பெண் கதறினாள். அவள் புருஷன் அவர்களுடைய பண்ணைக் குட்டையில் குப்புற மிதக்கிறானாம். பின்மண்டையில் காயமாம்...

இருபதே நிமிடம். ஜீப் வயலோரம் நின்றது.

உடலைக் கரையேற்றியிருந்தார்கள். பக்கத்தில் செத்தவனின் அண்ணன் மாரில் அடித்துக்கொண்டு அழுதான். அழுகை கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருந்தது!

இன்ஸ்பெக்டர் சுற்றிலும் பார்த்தார்.

நடுவில் ஒரே ஒரு வரப்பு. இந்தப் பக்கம், செத்துப்போன தம்பிக்கு அவன் மாமனார் எழுதிக்கொடுத்த நிலம். பட்டா கைக்கு வந்த மறுமாதமே தம்பி குட்டை வெட்டினான், கரையை உயர்த்தினான், மரம் வைத்தான். இரண்டு வருடம் மழை ஏமாற்றியது, குட்டை கைகொடுத்தது. போன மாதம் வெள்ளம் வந்தது, கரை தாங்கியது. பயிர் பச்சைப் பசேலென்று நின்றது.

அந்தப் பக்கம், அண்ணனின் குத்தகை நிலம். பத்து வருடமாக வெறும் வாய்ப்பேச்சு. நிலக்காரர் 'சரி, இன்னும் ஒரு வருஷம்' என்றால்தான் உண்டு. வறட்சியில் காய்ந்தது. வெள்ளத்தில் மேல்மண்ணே போய்விட்டது.

அண்ணன் ஒரு மாதமாகத் தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று தம்பி மனைவி அழுகைக்கு நடுவே சொன்னாள். எப்படிப் பேசுவான்? ஒரே வயிற்றில் பிறந்தவன், ஒரே வெயில், ஒரே மழை... அவனுக்கு மட்டும் விளைகிறதே! வயிறு பற்றி எரியாதா?

"மத்தியானம் எங்க இருந்தீங்க?"

"என் வயல்லதான் சார். மரக்கன்னு வெச்சுக்கிட்டிருந்தேன். அஞ்சு கன்னு. வேணும்னா வந்து பாருங்க."

போய்ப் பார்த்தார். ஐந்து கன்றுகள். மண் இன்னும் ஈரம். கான்ஸ்டபிள், ஆள் சொல்வது சரிதான் என்று தலையாட்டினார்.

இன்ஸ்பெக்டர் ஆட்டவில்லை.

"பத்து வருஷத்துல இங்க ஒரு மரமாவது வெச்சிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"ஏன்?"

அண்ணன் ஒரு கன்றின் அடிமண்ணைக் காலால் இறுக்கினான்.

"நான் சொல்றேன். எங்கப்பாவும் குத்தகைக்குத்தான் உழுதார். குத்தகைக்காரன் மரம் வெச்சா, நிலத்தை அமுக்கப் பாக்குறான்னு அன்னிக்கே வெளியேத்திடுவாங்க. மரம் காய்க்க அஞ்சு வருஷம், கையில இருக்கறது ஒரு வருஷம். எவனும் வைக்க மாட்டான். நீ வெச்சிருக்க. பதட்டத்துல தம்பியோட குட்டைக் கரையில கிடந்த கன்னைத் தூக்கிட்டு வந்து நட்டுட்ட. அப்படித்தானே?"

அண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான்.

மண்வெட்டிக் காம்பால் அடித்தானாம். ஒரே அடியாம்.

"பொறாமை சார். 'நீயும் குட்டை வெட்டுண்ணே, நீயும் மரம் வைண்ணே'ன்னு சொல்லிச் சொல்லியே கொன்னான். யார் நிலத்துல வெட்டறது? இன்னிக்கும் சிரிச்சுக்கிட்டே, 'அண்ணே, கன்னு வாங்கிட்டு வந்திருக்கேன்'னு ஆரம்பிச்சான். முடிக்க விடல."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். பிறகு, பிணத்தின் சட்டைப் பையில் கிடைத்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்தார்.

உள்ளே ஒரு பத்திரம்!

அண்ணன் உழும் அதே நிலத்துக்கு முப்பது வருடக் குத்தகை. குட்டை வெட்டலாம், மரம் வைக்கலாம் என்று தெளிவாக எழுதியிருந்தது. நிலக்காரர் காலையில்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். சும்மா போடவில்லை. தம்பி தன் சொந்த நிலத்தை ஜாமீனாக வைத்திருந்தான்.

அண்ணன் பெயருக்கு நேரே மட்டும் கையெழுத்து இடம் காலியாக இருந்தது...

"கன்னு அவனுக்கில்லய்யா. உனக்கு வாங்கினது."

அண்ணன் பத்திரத்தையே வெறித்தான். பிறகு, அதில் தான் கையெழுத்துப் போட்டால் இன்னமும் செல்லுமா என்று ஈனக் குரலில் கேட்டான்.

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

"அதை விடு. உனக்கு வேற இடம் பாத்திருக்கேன். வருஷா வருஷம் யார் கால்லயும் விழ வேண்டாம்... ஆயுசுக்கும் ஒருத்தனும் காலி பண்ணச் சொல்ல மாட்டான்!"