ஒரு முழத் தூரத்தில்

காலை ஏழரைக்கே ஐந்தாம் தளத்தில் வரிசை நீண்டுவிட்டது. ‘சுகவாணி’ என்ற மிதக்கும் ஊரில் கரை இறங்கும் நாளெல்லாம் இப்படித்தான். நாற்பதாயிரம் பேர் வருஷக்கணக்காகக் குடியிருக்கும் அந்தக் கப்பலில் பாதிப் பேருக்கு அன்றைக்கு மட்டும் மண்மேல் ஆசை பொங்கிவிடும். வரிசையின் முனையில் ஒரு தாதி இயந்திரம் நின்று, ஒவ்வொருவரையும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியில் நீலநிறத் துளி ஒன்றை விடும். மென்துளி என்று அதற்குப் பெயர். ஆடாத தரையில் கால் வைத்தால் தலைசுற்றும் அல்லவா, அதற்காம்.

தமயந்தி அந்த வரிசையில் நிற்கவில்லை. முப்பது வருஷம் பல் மருத்துவராக இருந்து, தன் வாசலில் மற்றவர்களை வரிசையில் உட்காரவைத்துப் பழகியவள். கொடி பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் வாத்துக் கூட்டமாக நடப்பது, பத்து நிமிஷம் பள்ளிவாசல், பத்து நிமிஷம் சங்குக் கடை என்று ஓடுவது, இதெல்லாம் அவளுக்குச் சுத்தமாக ஆகாது. அன்று கப்பல் நிற்கும் வலம்புரித் தீவில் நூஹு என்று ஒருவரை அவளே தேடிப் பிடித்து, மூன்று வாரம் செய்தி அனுப்பிப் பேசி, ஒருநாள் சுற்றுலாவைச் சொந்தமாக ஏற்பாடு செய்திருந்தாள்.

பக்கத்து அறை அம்மாள் முதல் நாளே வாயைப் பிளந்தாள். “தனியாவா போறீங்க? முழுக்க முஸ்லிம் ஊரு. போன வருஷம்கூட ஒருத்தன் நம்ம பயணி மேல பாஞ்சுட்டானாம், கப்பல் செய்தியில போட்டிருந்தாங்களே!” தமயந்தி சிரித்து மழுப்பிவிட்டாள். ஆனாலும் அந்தப் பேச்சு மனதின் மூலையில் ஒட்டிக்கொண்டது. ஒட்டவில்லை என்று சொன்னால் அது பொய்.

தனியாகப் போகிறவர்களுக்கு வேறு பாலம், வேறு படிவம். பதினெட்டுக் கேள்விகள். ‘மென்துளி எடுத்துக்கொண்டேன்’ என்ற கட்டத்திலும் அவள் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். தனக்குத் தலைசுற்றாது என்று அவளுக்குத் தெரியும். படிவத்தை எந்தக் காலத்தில் யார் படித்தார்கள்? மணிக்கட்டில் மாட்டியிருந்த காவல்வளையில் பச்சை மணி ஒளிர்ந்தது. தலைக்கு மேலே, குடை பிடிப்பதுபோல், காவல்பருந்து ஒன்று வந்து நின்றது. கரையில் இறங்கும் ஒவ்வொரு பயணிக்கும் ஒரு பருந்து உண்டு. ட்ரோன் என்ற பழைய பெயரைக் கப்பலில் யாரும் சொல்வதில்லை.

நூஹு துறையில் காத்திருந்தான். நாற்பது வயது இருக்கும். அன்று காலைதான் தாடியை மழித்திருக்க வேண்டும், தாடை மட்டும் வெளுத்துத் தெரிந்தது. அவன் முதலில் அவள் வளையைப் பார்த்தான். பச்சையைக் கண்ட பிறகுதான் முகத்தைப் பார்த்தான். பிறகு முகம் முழுக்கச் சிரித்தான்.

“வாங்கம்மா. பயப்படாம எறங்குங்க. இது உங்க ஊருதான்.”

‘பயப்படாம’ என்பது முப்பது வருஷமாக வாயைத் திறந்து உட்கார்ந்தவர்களிடம் அவள் சொன்ன அதே வார்த்தை. ஒருத்தருக்கும் அதனால் பயம் போனதில்லை. இருந்தாலும் இவன் வாயிலிருந்து கேட்கும்போது இதமாகத்தான் இருந்தது.

கப்பலிலிருந்து யானைத் தும்பிக்கை கனத்தில் ஒரு குழாய் தீவின் தொட்டிக்குப் போயிருந்தது. கடல் ஏறிவந்து கிணறுகளைக் கெடுத்தபின் இந்தத் தீவுக்குக் குடிநீர் கப்பல் தருவதுதான். பயணிகள் கரையில் உலாவும் நேரம் மட்டும் நீர் ஓடும். கடைசிப் பயணி ஏறியதும் நின்றுவிடும். நல்ல ஏற்பாடு என்று தமயந்தி நினைத்தாள்.

ஊர் அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவ்வளவு அமைதி. நாய் குரைக்கவில்லை. சைக்கிள்களில் மணியில்லை. கதவுக் கீல்கள்கூட எண்ணெய் குடித்து ஊமையாக இருந்தன. எதிரே வந்த ஆண்கள் எல்லாரும் மழித்த முகத்தோடு, கைகள் இரண்டும் வெளியே தெரியும்படி, மெதுவாக நடந்தார்கள், பார்த்ததும் சிரித்தார்கள். நண்பகல் தொழுகையான லுஹர் நேரம் வந்தபோது பாங்கு சத்தம் கேட்கவில்லை. பள்ளிவாசல் மினாராவில் ஒரு பச்சைக் கொடி ஏறியது.

“ஒலிபெருக்கி இல்லையா?”

“கப்பல் நாள்ல கொடிதாம்மா. மத்த நாள்ல மோதினார் பாங்கு சொல்வாரு, கடல் வரைக்கும் கேக்கும்.”

சுவர்களில் அங்கங்கே சோற்றுத் தட்டு அளவுக்கு வட்ட வட்டமாகப் புதுச் சுண்ணாம்பு பூசியிருந்தது. கடற்காற்றில் காரை பெயர்ந்திருக்கும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். எங்கே போனாலும் நூஹு அவளைவிட்டு ஒரு முழத் தூரத்தில் வந்தான். முன்னால் போகவில்லை, பின்தங்கவில்லை. என்ன மரியாதை, என்ன மரியாதை என்று அவள் பூரித்துப்போனாள்.

பகல் சாப்பாடு நூஹுவின் வீட்டில். அவன் மனைவி சுலைஹா முற்றத்தில் பாய் விரித்து, நடுவில் சஹனை வைத்தாள். சஹன் என்பது நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் உண்ணும் பெரிய தாம்பாளம். நெய்ச்சோறு, களறிக் கறி, கத்தரிக்காய்.

“உக்காருங்க லாத்தா,” என்றாள். அக்காளை அந்த ஊரில் லாத்தா என்பார்கள். “ஒரே சஹன்ல கை வச்சிட்டா நீங்க இந்த வீட்டு ஆளு. அப்புறம் அந்நியம்னு பேச்சே கெடையாது.”

கறியில் மெத்தென்ற துண்டாகப் பார்த்து சுலைஹா அவள் பக்கம் தள்ளினாள். தமயந்திக்குக் கண் கலங்கியது. கப்பலில் யார் அவளுக்குத் துண்டு பொறுக்கித் தருகிறார்கள்? கவளத்தை உருட்டி வாயருகே கொண்டுபோனாள்.

அப்போதுதான் மதில்மேலிருந்து ஒரு சாம்பல் பூனை நேராக அவள் மடியில் குதித்தது.

“ஐயோ!”

வளையின் மணி சிவந்தது. மேலே ஏதோ சீறியது. மடியிலிருந்து துள்ளி இரண்டடி போவதற்குள் பூனையின் உடல் இரண்டாகக் கிழிந்தது. பாதி சுவரில் அடித்து விழுந்தது. மீதி பாய்மேல் கிடந்து கால்களை உதைத்தது. நெய்ச்சோற்றின்மேல் ரத்தம் சிதறியது. நிமிர்ந்து பார்த்தால் நூஹுவும் சுலைஹாவும் குப்புற விழுந்து, உள்ளங்கைகளை மேலே காட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தார்கள். பல நாள் பழகிய படுக்கை அது என்பது பார்த்ததுமே தெரிந்தது.

சிவப்பு மெல்ல மஞ்சளாயிற்று. நூஹு தலையைத் தூக்காமலே கேட்டான்.

“அம்மா, உண்மையச் சொல்லுங்க. துளி போட்டீங்களா, இல்லியா?”

“அது... தலைசுத்தலுக்குத்தானே? எனக்குத் தலை சுத்தாதுப்பா.”

“யா அல்லாஹ்!” என்றாள் சுலைஹா.

நூஹு மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். குரலை உயர்த்தவில்லை, அந்த ஊரில் யாருக்கும் அதற்கு அனுமதி இல்லை என்பது இப்போது அவளுக்குப் புரிந்தது. “அது பயம் வராம இருக்கறதுக்கும்மா. உங்க நாடி எகிறிச்சுன்னா பருந்து சுடும். பயங்காட்டினது எதுன்னு தெரிஞ்சா அதைச் சுடும். தெரியலேன்னா பக்கத்துல நிக்கிற ஆளை. பக்கத்துல ஆளே இல்லேன்னா, ஒளிஞ்சிருக்கான்னு நெனச்சு வரிசையா வீடுகளைச் சுடும். அதனாலதான் தனியா வர்ற ஒவ்வொரு பயணிக்கும் ஊர்ல ஒரு துணை வைக்கிறோம். காலையிலேர்ந்து ஒரு முழம் தள்ளியே வந்துட்டிருந்தேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?”

“மரியாதைன்னு...”

“செத்தா ஒருத்தரோட போவட்டும்னுதாம்மா.”

“அப்போ போன வருஷம் பாஞ்சவன்...”

“என் தம்பி இத்ரீஸ். பாசிப் படியில ஒரு அம்மா வழுக்குனாங்க. தாங்கிப் பிடிக்க ஓடுனான். பிடிச்சும்புட்டான். கையில அவங்க இருக்கும்போதே அவன் தலை இல்ல. அந்த அம்மாவுக்கு ஒரு சிராய்ப்புகூடக் கெடையாது.”

சுவரில் கண்ட சுண்ணாம்பு வட்டங்கள் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்தன. கை நடுங்கியது. நடுங்கக் கூடாது என்று நினைத்ததும் இன்னும் நடுங்கியது. பயந்தால் இவர்கள் சாவார்கள் என்று தெரிந்தபின் பயப்படாமல் இருப்பது எப்படி? மஞ்சள் மணி துடிக்கத் தொடங்கியது. மேலே இரண்டாவது பருந்தும் வந்து சேர்ந்துகொண்டது. தமயந்தி வளையைப் பிடித்து இழுக்கப் போனாள்.

“கழட்டாதீங்க!” சுலைஹா பதறாமல், ஆனால் அழுத்தமாகச் சொன்னாள். “கழட்டுனா கடத்தல்னு அர்த்தம். தெருவே போயிரும். ஒங்களைத் துறையில கொண்டுபோய் விட்டுருவோம். அம்புட்டுதான் லாத்தா. நான் துணைக்கு வர்றேன்.”

“நான் போறேன் புள்ள,” என்றான் நூஹு.

“ஆம்பள பக்கத்துல நின்னா மணி கூடத்தான் துடிக்கும் மச்சான். அவங்க முகத்தைப் பாரு.”

தமயந்தி தலை குனிந்தாள். அது உண்மை. காலையில் ரசித்த அதே மனிதனைப் பார்த்துத்தான் இப்போது நெஞ்சு அடித்தது. பக்கத்து அறை அம்மாளின் பேச்சு மூலையிலிருந்து எழுந்து வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் வளை பயம் என்றே எடுத்துக்கொண்டது.

நூஹு மனைவியைப் பார்த்தான். அவள் தோளைத் தொடக் கையெடுத்து, பருந்தின் நிழலைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டான்.

வீடுகளின் பின்புறத்தில் பெண்கள் மட்டும் நடக்கும் ஒடுங்கிய முடுக்கு ஒன்று கடற்கரை வரை ஓடியது. சுலைஹா அதில் அவளை அழைத்துப்போனாள், ஒரு முழத் தூரத்தில். இரண்டு பக்கமும் கதவுகள் சாத்தியிருந்தன. உள்ளே குடும்பம் குடும்பமாகத் தரையில் குப்புறப் படுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே தமயந்தி சத்தம் வராமல் அடி வைத்தாள்.

“லாத்தா, எனக்குக் கடைவாய்ப் பல்லு ஒண்ணு ரெண்டு மாசமா குத்துது,” என்றாள் சுலைஹா. “ஜில்லுனு தண்ணி பட்டா உயிரே போவுது. புடுங்கணுமா?”

தமயந்தி திரும்பிப் பார்த்தாள். “சூடு பட்டா?”

“சூடும்தான்.”

“சூடு பட்டதும் வலி உடனே நிக்குதா, கொஞ்ச நேரம் இருக்குதா?”

“இருக்குது.”

“அப்போ வேர் வரைக்கும் போயிருக்கு. புடுங்க வேணாம். வாயைத் திற, பாக்கலாம்.”

முடுக்கின் நடுவே நின்று சுலைஹா வாயைத் திறந்தாள். தமயந்தி எட்டிப் பார்த்தாள். கீழ்வரிசையில் இடப்பக்கம் கறுத்த குழி ஒன்று இருந்தது. அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கை நடுக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. மணி பச்சையாயிற்று. இருவரும் அதைப் பார்த்தார்கள். சுலைஹா சத்தமில்லாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஊர்க்காரர்கள் காலையில் சிரித்த சிரிப்பு அல்ல.

முடுக்கு முடிந்து வெளிமணல் வந்தது. துறை இருநூறு அடி தூரம். நூஹு வேறு தெருவழியாக வந்து தள்ளி நின்றான். கப்பலின் பாலம் தெரிந்தது. தப்பித்தோம் என்று தமயந்தி மூச்சு விட்டாள். அடுத்த கரை நாளில் பல் கருவிப் பெட்டியோடு வந்து அந்தப் பல்லைச் சரிசெய்துவிட வேண்டும் என்றுகூட மனதுக்குள் நாள் குறித்தாள்.

பருந்து இறங்கியது அப்போதுதான். மஞ்சளில் துடித்துப் பச்சைக்குத் திரும்பிய பயணிக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்பது அதற்கு விதி. அவள் பிடரியில் காற்று அடிக்க, காதுக்குப் பக்கத்தில் வந்து, தேன் குரலில் முழங்கியது:

“பயணி தமயந்தி அவர்களே, அஞ்ச வேண்டாம். நாங்கள் இருக்கிறோம்.”

அவள் அலறிவிட்டாள். மணி சிவந்தது.

பயங்காட்டியது எது? தன்னைத் தானே சுட்டுக்கொள்ள அதற்குச் சொல்லித்தரவில்லை. ஒரு முழத் தூரத்தில் சுலைஹா நின்றாள். முதல் குண்டு கழுத்துக்குக் கீழே பாய்ந்தது. அவள் ஒரு கையை நீட்டி ஏதோ சொல்ல வந்தாள், வாயில் ரத்தம்தான் வந்தது. “நிறுத்து! நிறுத்து!” என்று தமயந்தி பாய்ந்து அவளைக் கட்டிப்பிடித்தாள், தன் உடம்பை மறைப்பாக வைத்தால் சுடாது என்று நம்பினாள். பருந்துக்கு அவ்வளவு குறி. இரண்டாவது குண்டு தமயந்தியின் காதோரம் ஒரு முடியைக்கூடத் தொடாமல் போய் சுலைஹாவின் நெற்றியில் இறங்கியது. அணைப்பிலிருந்த உடல் கனத்து வழுக்கி மணலில் விழுந்தது. முகமெல்லாம் சுடச்சுட நனைந்து தமயந்தி நின்றாள். அவளுக்குக் கீறல்கூட இல்லை.

மணி இன்னும் சிவப்புதான். பக்கத்தில் இப்போது ஆள் இல்லை. இரண்டு பருந்துகளும் வீடுகளின் பக்கம் மூக்கைத் திருப்பின.

நூஹு வந்தான். ஓடவில்லை, ஓடினால் அது பாய்ச்சல். கைகள் இரண்டும் வெளியே தெரிய, மெதுவாக மணலில் நடந்து வந்தான். மனைவியின் உடலைச் சுற்றிக்கொண்டு வர நேரமில்லை. தாண்டினான். தமயந்திக்கு ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றான். வீடுகளை விட்டு இரண்டு மூக்குகளும் அவன் பக்கம் திரும்பின. பிறகு முகம் முழுக்கச் சிரித்தான். கண்களிலிருந்து நீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“பயப்படாதீங்கம்மா,” என்றான். “ஒண்ணும் இல்ல. வாங்க, போவலாம்.”

அவள் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள். கடைவாய்ப் பல், கீழ்வரிசை, இடப்பக்கம் என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லிக்கொண்டே நடந்தாள். மணி மஞ்சளாயிற்று. அவன் கூடவே வந்தான், முன்னால் போகவில்லை, பின்தங்கவில்லை.

பாலத்தின் அடியில் கப்பல் அதிகாரி ஒருவர் கம்பளியோடு காத்திருந்தார். “தாக்கினவளை முடிச்சாச்சு மேடம். இனி நீங்க பத்திரம்,” என்று அவள் தோளில் கை வைத்தார்.

அந்தக் கை பட்டதும் தமயந்திக்கு உடம்பெல்லாம் உதறியது. வாழ்நாளில் அப்படி அவள் யாரைக் கண்டும் பயந்ததில்லை. மணி ரத்தச் சிவப்பாக எரிந்தது. அவள் நிமிர்ந்து பருந்தைப் பார்த்தாள், காத்திருந்தாள். அது அசையவில்லை. அதிகாரியின் சட்டையில் கப்பலின் சின்னம் இருந்தது. அந்தச் சின்னம் பக்கத்தில் இருக்கும்வரை பருந்து சுடாது.

“யாரும் தாக்கல,” என்றாள். “அவ யாரையும் தாக்கல.” அதிகாரி தலையசைத்து, கம்பளியைப் போர்த்தி, அவளை மேலே ஏற்றினார். குழாயில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் அவள் காதில் கேட்டது. மற்ற பயணிகள் இன்னும் ஊருக்குள் உலாவிக்கொண்டிருந்தார்கள்.

பாதிப் பாலத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். மணலில் சுலைஹா தனியாகக் கிடந்தாள். நூஹு அவள் பக்கம் போகவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வளை சிவப்பில் இருக்கும்வரை அவன் நகரக் கூடாது. கைகளை விரித்துக் காட்டியபடி, தமயந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவள் உள்ளே போய்க் கதவு மூடும்வரை அவன் சிரித்துக்கொண்டே நின்றான்.