வாசலில் நின்ற மார்த்தா

"அந்த ஆளைப் பாத்ததும் படார்னு கதவைச் சாத்துனீங்களே மதாம், அதுக்கப்புறம்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு. என் வீட்டுக்காரரை விட்டுட்டுத் தனியா வந்தேன்" என்றாள் முத்தியால்பேட்டைப் பெண் ஒருத்தி, பிரெஞ்சு நடிகை ஒதீல் வரேனின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு.

வரிசையில் அடுத்து நின்றவர் சிரித்தார். "உங்களுக்கு அப்படி வந்துச்சாம்மா? எனக்கு அவரை உள்ள கூப்பிட்டு சூப் ஊத்துனாங்க. பாத்துட்டு நேரா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டேன். பதினோரு வருசப் பகை."

இருவரும் கனவுகளை ஒப்பிட்டுக்கொள்பவர்களைப் போலப் பேசியபடி நகர்ந்தார்கள். பக்கத்தில் நின்ற அமலோற்பவம் மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டு ஒதீல் அப்படியே நின்றாள். இருவரும் பேசியது ஒரே படத்தை, ஒரே காட்சியை. 'சுண்ணாம்புக் கரை'யின் கடைசிக் காட்சி அது. போரில் இறந்ததாக நம்பப்பட்ட கணவன் திரும்பி வருகிறான். மனைவி மார்த்தா கதவைத் திறக்கிறாள். அவ்வளவுதான். கதவைச் சாத்தவுமில்லை, சூப் ஊற்றவுமில்லை. சும்மா நின்றாள். அந்த நிற்பில்தான் ஒதீலின் திரை வாழ்க்கையே தொடங்கியது.

அதற்கு முன் அவள் பிரான்சின் பிரெத்தாஞ் கரையில் ஒரு துறைமுகத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த பெண். பிறகு முப்பது படங்கள். "இவளுக்கு நடிக்கத் தெரியவில்லை" என்று பாதி விமர்சகர்கள் எழுதினார்கள். "இவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை" என்று மீதிப் பாதி. வயதானதும் ஊர் திரும்பினாள். ஒருநாள் யாரோ வந்து, படங்களையெல்லாம் நெகிழ்படமாக மாற்ற அனுமதி கேட்டார்கள். நிறம் கூட்டுவார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டாள். தன் படங்களைத் தானே பார்க்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.

இப்போது புதுச்சேரித் திரைவிழாவில் அவளுக்குப் பாராட்டு. பாரிசை விட, டோக்கியோவை விட இங்கேதான் ரசிகர்கள் அதிகமாம். ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

விழாவின் திரைப்பொறியாளர் அமலோற்பவம் விளக்கினாள். நாற்பது வயதுக்காரி, பிரெஞ்சைத் தாய்மொழி போலப் பேசுபவள். "நெகிழ்படம்னா இதுதான் மதாம். இந்த நாடிக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டா, நெத்திப்பொட்டுல துடிக்கிற நாடியைப் படிச்சு, மனசு எதுக்கு ஏங்குதோ அதுக்குத் தகுந்தாப்புல படம் வளையும். மத்த நடிகைங்க அழுதா அது அழுகைதான், ஓரளவுக்கு மேல வளைக்க முடியாது. உங்க முகம் எதையும் சொல்லாது மதாம். அதனால எதை வேணாலும் சொல்ல வைக்கலாம். பொறிக்கு உங்கள மாதிரி முகம் கிடைக்கிறது அபூர்வம்."

அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று ஒதீலுக்குப் புரியவில்லை. "நான் எடுத்த படத்தை எனக்குக் காட்டு" என்றாள்.

"பழைய சுருளெல்லாம் இப்ப இல்ல. கேக்க ஆளில்லாததால கம்பெனி அழிச்சிடுச்சு."

"இருக்கிறதைக் காட்டு."

காலியான அரங்கில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். சாம்பல் கடல், சுண்ணாம்பு வீடு, கதவு. இளம் மார்த்தா நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். ஒதீலுக்கு மூச்சு வந்தது. "பார்த்தாயா? நான் ஒன்றுமே செய்யவில்லை!"

அமலோற்பவம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். "எனக்கு நீங்க அழுதீங்க மதாம்."

ஒதீல் மறுபடியும் போடச் சொன்னாள். இந்த முறை கதவு திறந்ததும் மார்த்தாவின் கால் கொஞ்சம் பின்வாங்கியது. மூன்றாம் முறை உதடு அசைந்தது, ஏதோ ஒரு பெயர் போல. கணவனின் பெயர் அல்ல அது. ஒதீல் கண்ணாடியைப் பிடுங்கி மடியில் போட்டாள்.

"முதலில் நான் நினைத்திருந்ததைக் காட்டியது. பிறகு நான் சந்தேகப்பட்டதைக் காட்டியது. அப்படியானால் நான் உண்மையில் செய்தது எது?"

"கூட நடிச்சவரு?"

"செத்துவிட்டான். இயக்குநரும்தான்." அவள் மடியில் கிடந்த கண்ணாடியைத் தள்ளி வைத்தாள். "நான் ஒருத்திதான் மிச்சம். எனக்கும் இப்போது குழம்பிவிட்டது."

மாலையில் அரங்கம் நிரம்பியது. மாலையும் பொன்னாடையும் போட்டபிறகு ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். ஒதீல் பேச மறுத்தாள். எல்லோரும் கண்ணாடியைக் கழற்றும்படி கேட்டாள். முணுமுணுப்பு எழுந்தது. அமலோற்பவம் இரண்டு தடவை கெஞ்சிச் சொன்ன பிறகே கழற்றினார்கள்.

மேடையின் பக்கவாட்டில் ஒரு கதவு இருந்தது. ஒதீல் அதற்கு அப்பால் போய்ச் சாத்திக்கொண்டாள். பிறகு திறந்தாள். நின்றாள்.

வயதான காலில் வலி இருந்தது. எதிரே நூற்றுக்கணக்கான முகங்கள் கணவனின் இடத்தில் காத்திருந்தன. அவளுக்கு என்ன தோன்றியது? திகிலா, மகிழ்ச்சியா, வெறும் களைப்பா? உள்ளே தேடினாள். எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாய்க் கிடந்தன. எதையும் தனியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை. அன்று செய்தது இதுதானா என்பதும் தெரியவில்லை. ஆனால் இப்போது செய்வது இதுதான். இதை யாரும் வளைக்க முடியாது.

அரங்கம் தவித்தது. பலர் பழக்கதோஷத்தில் நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். "ஓடலியே, நின்னுபோச்சா?" என்றார் ஒருவர். பின்வரிசைகளில் ஆட்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள்.

முன்வரிசையில் ஒரு நடுவயதுப் பெண் மட்டும் முன்னால் சாய்ந்து, புருவத்தைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உரக்கவே சொல்லிவிட்டாள்: "என்ன நெனைக்கிறாங்கன்னே தெரியலையே! எங்க வீட்டுக்காரரு மூஞ்சி மாதிரியே இருக்கு!"

சிலர் சிரித்தார்கள். ஒதீல் கதவருகே நின்றபடியே அமலோற்பவத்தைப் பார்த்தாள். அவள் மேடையோரமாக வந்து அதை மெதுவாகப் பிரெஞ்சில் சொன்னாள். ஒதீலுக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னாள்.

அதற்குள் அந்தப் பெண் மேடையை மறந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் இருந்த கணவனின் பக்கம் திரும்பி, கண்ணாடி இல்லாத கண்களால் அவர் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நெளிந்தார்.

"ஏன்டி இப்படிப் பாக்குற?"

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.