உப்புத் தெரு வீட்டின் மேல்கதவு

தரைக்கதவின் ஒரு பலகை விரலளவு தூக்கி நின்றது.

கேஷே அதைக் காலால் அழுத்தினாள். முனகிக்கொண்டே படிந்தது. காலை எடுத்த பிறகும் படிந்தே கிடந்தது, அதுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. தானாக எழும்பும் பலகை என்றால் மழைக்கால ஈரத்தின்மேல் பழியைப் போட்டுவிடலாம். காலையில் இதன்மேல் கம்பளம் விரித்துவிட்டுப் போயிருந்தாள். இப்போது அந்தக் கம்பளம் நான்காக மடிக்கப்பட்டு, ஓரங்கள் ஒட்ட ஒட்டச் சேர்ந்து, சுவரோரம் உட்கார்ந்திருந்தது.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். உப்புத் தெருவில் ஒரு வீட்டை வாங்கிப்பார் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் உப்பும் ஹெர்ரிங் மீனும் விற்றுக் கொழுத்த வியாபாரிகள் எழுப்பிய வரிசை அது. படிப்படியாக ஏறும் செங்கல் முகப்பு, பின்னாலிருக்கும் கூரையைவிட ஓர் ஆள் உயரம் அதிகம். துறைமுகத்திலிருந்து வருகிறவன் வாயைப் பிளக்க வேண்டும், அதற்கு வேறு வேலை இல்லை. கீழே வண்டி நுழையும் அகலத்தில் கல் பாவிய கூடம். அதற்குமேல் மாடி மாடியாகக் கிடங்கு. வீடு சரக்குக்காகக் கட்டியது, மனிதர்கள் ஓரத்தில் ஒண்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு மாடித் தரையிலும் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக இரட்டைப் பலகைக் கதவு. உச்சிப் பரணில் ஆளுயர ராட்டினச் சக்கரம். அதிலிருந்து இறங்கும் சணல் கயிறு, பலகைகள் சேரும் இடத்தில் வெட்டிய ஓட்டைகள் வழியாக எல்லா மாடிகளையும் தாண்டிக் கூடத்தில் ஒரு கொக்கியோடு முடியும். ஏறுகிற மூட்டை பலகைகளை முட்டித் திறந்துகொண்டு போகும், போனதும் பலகைகள் தாமே மூடிக்கொள்ளும்.

கயிறு, சக்கரம், கொக்கி, பலகை எல்லாமே சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. ஓர் ஆணி அடிக்கவும் மரபுக்கட்டட அலுவலகம் தலையசைக்க வேண்டும். வீடு முழுக்கச் சுவரை உரித்துப் போட்டிருந்த நிலையில், கணப்பு அடுப்பு வேலை செய்த ஒரே அறை இதுதான், கூடத்துக்கு நேர் மேலே உள்ளது. ஐந்து வயது மகள் லென்னெ இங்கேதான் தூங்கினாள். அவள் கட்டிலிலிருந்து கைநீட்டினால் அந்தக் கயிறு எட்டும்.

கணவன் மால்ட்டெவைப் போனில் பிடிப்பதற்குள் கேஷேவுக்குப் பாதி உயிர் போயிற்று. ஸ்வீடன் போகும் கப்பலில் அவனுக்கு எஞ்சின் வேலை.

"கம்பளத்த நீதானே மடிச்சு வச்ச?"

"நான் நடுக்கடல்ல இருக்கேன் கேஷே. கம்பளம் மடிக்க நீந்தியா வருவேன்? லென்னெ மடிச்சிருப்பா."

"அவ ஜட்டியையே மடிக்க மாட்டா."

"அப்ப நல்ல பழக்கம் வந்திருக்குன்னு சந்தோஷப்படு."

அவள் போனை வைத்துவிட்டாள். அவனிடம் எதைச் சொன்னாலும் கடைசியில் சிரிப்பில் கொண்டுபோய் விட்டுவிடுவான், அவளுக்கோ சிரிக்கத் தெம்பில்லை. புத்தகப் பெட்டி ஒன்றை இழுத்து வந்து தரைக்கதவின்மேல் வைத்தாள். மறுநாள் பொழுது சாய்ந்தபோது, டிசம்பரில் அந்த வடக்கு ஊரில் நாலு மணிக்கே சாய்ந்துவிடுகிற பொழுது, பெட்டி கம்பளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சிந்தாமல் சிதறாமல், சுவருக்கு இணையாக. அறையில் தாரும் ஈரச் சணலும் உப்பில் ஊறிய மீனும் கலந்த வாடை, மழை நாளில் துறைமுகக் கிடங்கைத் திறந்தால் முகத்தில் அறைவது போன்ற வாடை, ஜன்னலைத் திறந்தபின்னும் திரைச்சீலையில் தங்கி நின்றது.

"பெட்டிய யார் நகத்தினது?"

லென்னெ வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். "வழிய மறைச்சுதுல்ல."

"யாருக்கு?"

"அது இங்க நிக்காதும்மா. சும்மா தாண்டி மேல போயிடும்."

"இப்படிப் பேசாதன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்," என்று கத்திவிட்டாள். குழந்தை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தது. கத்தியதற்காக அன்று முழுவதும் தன்மீதே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

மரபுக்கட்டட அலுவலகத்திலிருந்து ஹெர் டெஸ்மர் என்ற அதிகாரி வருவதற்குள் மேலும் ஒரு வாரம் ஓடியது. வந்தவர் அவளுக்குக் கைகொடுப்பதற்கு முன் மண்டியிட்டுத் தரைப்பலகையைத் தடவிக் கொடுத்தார்.

"ஃப்ராவ் போல்டெ, இந்த ஓக் மரம் எத்தன தலைமுறையப் பாத்திருக்கும். இதுல போய் ஸ்க்ரூ போடணுங்கிறீங்களே."

"என் பொண்ணு உள்ள விழுந்துட்டா?"

"விழ மாட்டா. மேல நின்னா இன்னும் இறுக்கமா மூடிக்கும். கீழேர்ந்து முட்டினாத்தான் திறக்கும்."

"அதத்தான் நானும் கேக்கறேன். கீழேர்ந்து யார் முட்டறாங்க?"

அவர் அவளைப் பரிவோடு பார்த்தார். "காத்துங்க. பரண் ஓட்டு இடுக்கு வழியா மேல இழுக்குது. புகைக்கூண்டு மாதிரி."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். ஆனாலும் அவள் விடவில்லை. ஓட்டையைக் காட்டினாள், வாடையைச் சொன்னாள், கடைசியில் அழுகிற நிலைக்கே வந்துவிட்டாள். அழுகையைக் கண்டதும் அவர் ஒரு சமரசத்துக்கு இறங்கினார். தரைக்கதவைத் தொடக் கூடாது. ஆனால் அதே அறையின் கூரையில் இருக்கும் மேல்கதவு போன நூற்றாண்டில் மாற்றிய பைன் பலகை, அதற்குப் பெரிய மதிப்பில்லை.

"மேல உள்ளத அடைச்சுக்கோங்க. இழுப்பு நின்னுடும், கீழதும் ஆடாது. கயித்து ஓட்டைய மட்டும் அப்படியே விட்டுடணும்."

கேட்டது முழுசு, கிடைத்தது அரை. ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் தெருமுனை திரும்புவதற்குள் அவள் ஏணியில் ஏறிவிட்டாள். மேல்கதவின் இரண்டு பலகைகளையும் உத்தரத்தோடு சேர்த்து, நீள ஸ்க்ரூக்களாகப் பார்த்து, கை வலிக்க வலிக்க இறுக்கினாள். இந்த வீட்டில் அவள் இஷ்டப்படி நடந்த முதல் காரியம். அன்றிரவு பலகை ஆடவில்லை. மறுநாளும் ஆடவில்லை. வாடைகூட விட்டுப்போனது.

மூன்றாம் நாள் லென்னெவுக்குக் காய்ச்சல். கதகதப்பாக வைத்திருங்கள் என்றார் டாக்டர். அடுப்பில் விறகைத் திணித்துவிட்டு, ஈரத்துணியை மாற்றி மாற்றி வைத்தபடி கேஷே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாகி, நீலமாகி, எதிர்வீட்டு முகப்பின் படிகள் ஒவ்வொன்றாக இருட்டில் கரைந்தன. எங்கோ டிராம் மணி ஒலித்தது. விறகு வெடிக்கும் சத்தத்துக்கு நடுவே, கீழே கூடத்தில், கல் தரையில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. மெதுவாக, அவசரமே இல்லாமல், பாரத்தின் அடியில் கொக்கியை நுழைத்து மாட்டுகிற சத்தம்.

அவள் பக்கத்திலிருந்த கயிறு விறைத்தது.

பிறகு மேலே ஏறத் தொடங்கியது. பரணில் சக்கரம் கிறீச்சிட்டது, ஒரு சுற்று, இன்னொரு சுற்று. காற்றுதான் என்று சொல்லிக்கொள்ள அவள் வாய் திறந்தது. கயிற்றின் பிரிகளிலிருந்து நீர் சொட்டிக் கட்டில் விரிப்பை நனைத்தது.

தரைக்கதவின் பலகைகள் இரண்டும் ஒன்றாக உயர்ந்தன.

மூட்டை. கறுத்த, நனைந்த, தார் பூசிய சாக்கு. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த ஆள் அளவு. அது அறைக்குள் ஏறியது, கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில், அசைந்து அசைந்து, அவள் முகத்தைத் தாண்டி மேலே. மேல்கதவில் முட்டியது. நின்றது.

சற்று இறங்கி, மறுபடி முட்டியது. மறுபடியும். ஒவ்வொரு முட்டுக்கும் கூரையிலிருந்து தூசு லென்னெவின் தலையில் விழுந்தது. ஸ்க்ரூக்கள் அசையவில்லை. எவ்வளவு பிரமாதமாக இறுக்கியிருக்கிறாள். பிடுங்கிக்கொள்ளட்டும், பிய்ந்து போகட்டும், மேலே போகட்டும் என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். போகிற சரக்கைப் போகவிடாமல், குழந்தை படுத்திருக்கும் அறையில் நிறுத்தி வைத்தவள் அவள்தான்.

சக்கரம் நின்றது.

மேலே காலடி. பரண் ஏணி முனகியது. பிறகு படிக்கட்டு. கனத்த கால், ஈரத் தோல் செருப்பு.

கேஷே குழந்தையை வாரி எடுத்தாள். மூட்டை ஆடிக்கொண்டிருந்தது. சுற்றிப் போக இடமில்லை. கதவு திறந்தது.

வந்தவன் இப்போது அங்கே இல்லாத ஓர் உத்தரத்துக்காகத் தலையைக் குனிந்து நுழைந்தான். அவர்களைப் பார்க்கவில்லை. அவன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. கைகள் மட்டும் தெரிந்தன, கயிறு தின்ற கைகள். அவை கூரையைத் தடவின. ஸ்க்ரூவைத் தொட்டன. அடுத்ததையும் தொட்டன. அவன் ஒரு பெருமூச்சு விட்டான். எத்தனை முறை ஏறி இறங்கியும் காரியம் நடக்காதவன் விடுகிற பெருமூச்சு. அது எப்படி இருக்கும் என்று கேஷேவுக்கு நன்றாகவே தெரியும்.

மூட்டையை அவிழ்த்தான். இழுத்துக்கொண்டு போய் வாசற்படியில் நிமிர்த்தி வைத்தான். நிலைக்கும் நிலைக்கும் சரியாக, இடுக்கில்லாமல், அடைத்துக்கொண்டு அது உட்கார்ந்தது. அதற்கு அப்பால் அவன் காலடி மேலே ஏறிப் போயிற்று.

அவள் பாய்ந்து போய்த் தள்ளினாள். தோளால் முட்டினாள். சாக்கு வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஏதோ புரண்டு, வசதியாகச் சாய்ந்துகொண்டது.

சக்கரம் சுழன்றது. கயிறு கீழே போனது. கூடத்தில் கொக்கி கல்லில் தட்டியது, அங்குமிங்கும் தேடியது. திரும்ப ஏறியது. பலகைகள் திறந்தன.

வெறுங்கொக்கி.

கீழே சரக்கு தீர்ந்துவிட்டது. அது கட்டில் உயரத்துக்கு வந்து நின்றது. மேலிருந்து யாரோ கயிற்றை லேசாக உலுக்கினார்கள்.

லென்னெ கண் விழித்திருந்தாள். காய்ச்சலில் முகம் சிவந்து கிடந்தது. "அம்மா, அவருக்கு இன்னும் ஒண்ணு வேணுமாம்."

கேஷே அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு சுவரில் ஒண்டினாள். கொக்கி மெல்லத் திரும்பியது, அதன் வாய் கட்டிலைப் பார்க்கும்வரை. கயிறு மறுபடி உலுங்கியது, இந்த முறை சற்றுப் பொறுமையில்லாமல்.