வெளுத்துப்போன சிவப்புச் சொட்டு

"கண்ணு... ஐயோ, என் கண்ணு...!"

அலறல் பழைய கோழிக் கொட்டகையின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

மேசையில் கேஸ் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்த ஹெர்மி, எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

லிபா ஊருக்கு வெளியே, கோழிகளை விற்றுவிட்டுக் காலியாகக் கிடக்கும் அந்தப் பண்ணையில்தான் ஞாயிறுதோறும் ஏர்சாஃப்ட் ஆட்டம். வயது வந்த ஆண்பிள்ளைகள் பட்டாள உடுப்பை மாட்டிக்கொண்டு, கேஸ் துப்பாக்கியில் ப்ளாஸ்டிக் குண்டு போட்டு ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வார்கள். பட்டால் சுள்ளென்று வலிக்கும். ஒரு திட்டு, ஒரு சிரிப்பு. அவ்வளவுதான்.

இன்று யாரும் சிரிக்கவில்லை.

எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் போயெட் சுருண்டு கிடந்தான். ஜீப்னி வண்டியில் ஆளேற்றி ஓட்டிப் பிழைக்கிறவன். முகத்தைப் பொத்திய விரல் இடுக்குகளில் ரத்தம். அவன் போட்டிருந்த காப்புக் கண்ணாடியின் வலது பக்கம் நொறுங்கி...

பத்தடி தள்ளி நின்ற மனிதர் நிதானமாக முகமூடியைக் கழற்றினார்.

கவுன்சிலர் டிண்டோ!

கூடி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காரணம் இருந்தது. போன மழைக்காலத்தில் முட்டை விற்கும் பெரியவர் ஒருவரைக் காரால் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனார் என்று டிண்டோ மேல் வழக்கு. காரை ஓட்டியவர் முகத்தைப் பார்த்த ஒரே சாட்சி, இந்த போயெட். நாளைக் காலை கோர்ட்டில் ஏறி ஆளைக் கை காட்ட வேண்டும்.

"விரலை எடுக்கறதுக்குள்ள சரசரன்னு ஒரு கொத்துக் குண்டு போயிடுச்சு." டிண்டோவின் குரலில் துக்கம், உப்பு மாதிரி, அளவாகப் போடப்பட்டிருந்தது. "ஆனா ப்ளாஸ்டிக் குண்டு எப்படிங்க கண்ணாடியை உடைக்கும்? துப்பாக்கியில என்னமோ கோளாறு பண்ணி வெச்சிருக்காங்க."

அவர் பார்வை நகர்ந்து நகர்ந்து, துப்பாக்கிகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஹெர்மியிடம் வந்து நின்றது.

போயெட்டை அவனுடைய ஜீப்னியிலேயே தூக்கிப் போட்டு, வேறொருவர் ஓட்ட, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பண்ணை வாசலில் தோயாங் அக்காவின் கடையில் லோமி நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்த போலீஸ் சார்ஜன்ட் கதிம்பாங், வாயைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். துப்பாக்கியை வாங்கி, வேகம் காட்டும் கருவிக்குள் ஒரு குண்டு சுடச் சொன்னார்.

டப்!

கருவியின் சின்னத் திரையில் எண் எரிந்தது. நானூற்றுத் தொண்ணூறு.

ஒரு நொடிக்கு முந்நூற்று எழுபது அடி... அதுதான் இந்த மைதானத்தின் எல்லை.



யாராவது நடுவில் கை வைத்திருப்பார்கள் என்றார் சார்ஜன்ட். டிண்டோ அதற்குத்தான் காத்திருந்தவர் போலத் துப்பாக்கியைத் திறந்து காட்டினார். உள்ளே, கேஸ் பாயும் மூக்குக் குழாயில், கடுகளவு திருகு ஒன்று. அதன் மேல் காய்ந்து இறுகிய ஒரு சொட்டு நெயில் பாலிஷ். கீறல் இல்லை, விரிசல் இல்லை.

அந்தச் சொட்டுக்கு அந்த மைதானத்தில் கோயில் முத்திரை மாதிரி மரியாதை. காலையில் வருகிற ஒவ்வொரு துப்பாக்கியையும் ஹெர்மி அளப்பாள். மெல்லிய ஆலன் கீயை உள்ளே விட்டு அந்தத் திருகை உள்பக்கம் திருப்பினால் கேஸ் குறையும், வேகம் இறங்கும். வெளிப்பக்கம் திருப்பினால் ஏறும். எண் சரியாக வந்ததும் திருகின் மேல் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்துவிடுவாள். அப்புறம் யார் திருகைத் தொட்டாலும் சொட்டு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

"அளந்தவ இவ. திருகினவ இவ. சொட்டு வெச்சவளும் இவ," என்றார் டிண்டோ. "நான் என்ன சார் பண்ணுவேன்? குடுத்ததை வாங்கி ஆடினேன்."

சார்ஜன்ட் திரும்பினார். "ஹெர்மி, நீ திருகினியா?"

"திருகினேன் சார்." பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "காலையில இது ரொம்ப மெதுவா சுட்டுச்சு. கொஞ்சம் ஏத்தி விடுன்னு இவருதான் கேட்டாரு. ஆனா முந்நூத்தி அறுபதோட நிறுத்திட்டேன். என் கண்ணால பாத்தேன்."

"இப்ப நானூத்தித் தொண்ணூறு காட்டுதே, அது யாரு கண்ணு?"



சார்ஜன்ட் இடுப்பிலிருந்து கைவிலங்கை எடுக்கவில்லை. ஆனால் எடுக்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார். எழுதிக் கொடுத்தவர்கள் அன்றைக்கே வீடு திரும்பியதாக ஹெர்மி கேள்விப்பட்டதில்லை.

ஜெயில் கூட இருக்கட்டும். போயெட்டின் கண்... அதை என் கையே எடுத்துவிட்டதா?

அவள் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். ஏனோ அந்தத் தேய்ப்பு எதையோ ஞாபகப்படுத்தியது. காலையிலும் இப்படித்தான் தேய்த்தாள். எதற்கு?

"சார்... ஒரே ஒரு தடவை அந்தச் சொட்டைப் பாத்துக்கறேன்."

வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

சொட்டு சிவப்பாக இல்லை! மேலே பால் ஆடை படர்ந்த மாதிரி வெளுத்திருந்தது.

பக்கத்தில் நின்றவரின் துப்பாக்கியைப் பிடுங்கித் திறந்தாள். அதே காலை, அதே பாட்டில். பளபளவென்று ரத்தச் சிவப்பு. இன்னொன்று. அதுவும் சிவப்பு. மூன்றாவதும் சிவப்பு.

இவருடையது மட்டும் வெளுப்பு!

நெயில் பாலிஷ் காய்வதற்குள் ஈரம் பட்டால் வெளுக்கும். இந்த ஏப்ரல் வெயிலில் இரும்பின் மேல் ஈரம் எங்கிருந்து வரும்?

ஜில்லென்ற இரும்பாக இருந்தால் வரும். சோடா பாட்டில் மேல் முத்து முத்தாக நிற்கிற மாதிரி...

உள்ளங்கை ஞாபகம் வந்துவிட்டது. காலையில் டிண்டோ நீட்டிய மேகஸினின் அடிப்பாகம் நனைந்திருந்தது. குண்டும் கேஸும் அடைத்த கூடு அது. ஒரு துப்பாக்கியின் கூடு இன்னொன்றில் பொருந்தாது, அதனால் ஆட்டக்காரர் கொடுப்பதையே வாங்கி மாட்டிச் சுடுவது வழக்கம். வியர்வை என்று நினைத்துத் தொடையில் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு பேர் வரிசையில் நிற்க, யார் யோசித்தார்கள்?

"சார், நீங்க பாதியில விட்டுட்டு வந்த லோமியை முடிங்க. அது வரைக்கும் எனக்கு டைம் குடுங்க."

சார்ஜன்ட்டுக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

ஹெர்மி மேகஸினைக் கொண்டுபோய் தோயாங் அக்காவின் ஐஸ் பெட்டியில், சோடாக்களுக்கு நடுவில் புதைத்தாள். டிண்டோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தனக்கு வீட்டில் விருந்தாளிகள் காத்திருப்பதாகச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. சார்ஜன்ட்டின் கிண்ணம் காலியானது. இன்னொரு கிண்ணம் வந்தது. அதுவும் காலியானது.

எடுத்து மாட்டினாள். அதே துப்பாக்கி. அதே திருகு. அதே சொட்டு.

டப்!

முந்நூற்று அறுபத்திரண்டு.

கூட்டம் கருவியின் திரையை எட்டிப் பார்த்தது.

"இந்தக் கேஸ் குளிர்ந்தா சோம்பேறி சார், சூடானா வெறி பிடிச்ச மாடு," என்றாள் ஹெர்மி. "ஐஸ்ல ஊற வெச்ச மேகஸினைக் காலையில என்கிட்ட குடுத்தாரு. மெதுவா சுட்டுச்சு. நானும் கெணத்துத் தவளை மாதிரி திருகைத் திறந்து விட்டேன். மத்தியானம் வெயில்ல காய்ஞ்சதும்..."

அவள் உள்ளங்கையை மறுபடி தொடையில் தேய்த்துக்கொண்டாள்.

தோயாங் அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "காலையில இவரும் ஒரு பொட்டலத்தை என் ஐஸுக்குள்ள சொருகினாரே. சர்க்கரைக்குப் போடற ஊசி மருந்துன்னு சொன்னாரு."

"சர்க்கரையா?" சார்ஜன்ட் புருவத்தை உயர்த்தினார். "மத்தியானம் என் பக்கத்துல உக்காந்து ரெண்டு கிண்ணம் ஹாலோ-ஹாலோ ஐஸ் இனிப்பு சாப்பிட்டாரு. பாலும் சீனியும் கிண்ணத்தை விட்டு வழிஞ்சுது."

டிண்டோ சிரித்தார். இந்த முறை துக்கம் போடவில்லை.

"சரி, ஐஸ்ல வெச்சேன். எந்தச் சட்டத்துல தப்பு? விளையாட்டுல அடிபட்டதுக்குக் கேஸ் நிக்காது சார். நாளைக்குக் கோர்ட்டுலயும் ஒண்ணும் நிக்காது. கண்ணைப் பறிகுடுத்தவன் ஆளைக் கை காட்டினா எந்த ஜட்ஜ் நம்புவாரு?"

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கு உறைத்தது. சார்ஜன்ட் பல் குத்துவதை நிறுத்தியிருந்தார்.

வாசலில் ஹாரன்!

ஜீப்னி வந்து நின்றது. வலது கண்ணை மூடிப் பெரிய பஞ்சுக் கட்டு. ஆனால் ஓட்டும் இருக்கையிலிருந்து இறங்கியவன்... போயெட்!

"டேய்!" ஹெர்மி ஓடிப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு என்னாச்சுடா?"

"இமை கிழிஞ்சிடுச்சுக்கா, மூணு தையல்." அவன் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தான். உள்ளே உடைந்த வெள்ளைச் சில்லுகள். ஒன்றில் பழுப்பு நிறத்தில் பாதிக் கருவிழி. "கண்ணு உடைஞ்சு போச்சு. பத்து வயசுல கவண்கல்லு பட்டுப் போன கண்ணுக்கா இது. அப்பலேர்ந்து கண்ணாடிக் கண்ணுதான். வேற வாங்கணும்னா விலையைக் கேட்டாலே அலறத் தோணுது."

ஹெர்மி அழுதாள். அழுதுகொண்டே அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஏண்டா இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லல?"

போயெட் சார்ஜன்ட்டை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

டிண்டோவின் முகம் அந்தச் சொட்டைப் போலவே வெளுத்திருந்தது. போயெட் அவர் பக்கம் திரும்பி, மிச்சமிருந்த இடது கண்ணால் ஆற அமரப் பார்த்தான்.

"அன்னைக்கு உங்களைப் பாத்தது இந்தக் கண்ணுதான் கவுன்சிலர்."

விலங்கு இப்போது இடுப்பிலிருந்து வெளியே வந்தது. க்ளிக்! டிண்டோவைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிவிட்டு, சார்ஜன்ட் கதிம்பாங் திரும்பி வந்து போயெட்டின் முன் கையை நீட்டினார்.

"நாளைக்கு ஒழுங்கா வந்து சாட்சி சொல்லிடு தம்பி. ஜீப்னி சாவியை மட்டும் இப்பவே குடு... சாட்சிக்கு ஒரு கண்ணு போதும், லைசென்ஸுக்கு ரெண்டு வேணும்!"